சும்மா இருந்தால் என்ன ஆகும்? டொமைன் மாற்ற மெயில்களைப் பிரித்து மாட்டிய வேலைக்குறிப்பு

ஒரு டொமைனை, அதாவது வெப்சைட்டின் முகவரிப் பெயரை, அதைப் பதிந்து வைத்திருக்கும் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்கு மாற்றும்போது அதன் உரிமையாளருக்குப் பெரும்பாலும் மூன்று மெயில் வரும். பழைய கம்பெனியிடமிருந்து ஒன்று: உங்கள் டொமைனை வெளியே கொண்டுபோகக் கேட்டிருக்கிறார்கள் என்று. இதற்குப் பதில் சொல்லாமல் விட்டால் ஐந்து நாளில் டொமைன் போய்விடும். புதிய கம்பெனியிடமிருந்து ஒன்று: மாற்றத்தை உறுதிப்படுத்துங்கள் என்று. இதற்குப் பதில் சொல்லாமல் விட்டால் மாற்றம் நடக்காது. எல்லாம் முடிந்த பிறகு மூன்றாவது: உங்கள் மெயில் முகவரி சரிதானா என்று. இதை விட்டால் 15 நாளில் வெப்சைட்டே நின்றுபோகலாம். மூன்றும் ஆங்கிலம், மூன்றிலும் ஒரு நீல லிங்க், மூன்றும் பார்க்க ஒரே அச்சு. சும்மா இருந்தால் நடப்பது மட்டும் மூன்றிலும் வேறு வேறு.

வேலூர் சத்துவாச்சாரியில் நாங்கள் நடத்துவது சின்ன ஹோஸ்டிங் கடை. நாங்கள் டொமைனைப் பதிந்து தரும் ரிஜிஸ்ட்ரார் இல்லை, அவர்கள் சேவையை வாங்கி விற்கும் ரீசெல்லர். மேலே ஒரு பெரிய ரிஜிஸ்ட்ரார் இருக்கிறார்கள். பதிவு, ரினியூவல், மாற்றம் எல்லாம் அவர்கள் வழியாகத்தான். மெயிலின் வாசகத்தையும், லிங்க்கைத் தட்டினால் திறக்கும் பக்கத்தையும் ரீசெல்லர் தன் பெயரில் அமைத்துக்கொள்ள அவர்கள் இடம் விட்டிருக்கிறார்கள். அந்த வசதியை இங்கே யாரும் தொட்டதில்லை. முன்பு கடைக்கு வேலை செய்து கொடுத்த ஒரு ஃப்ரீலான்ஸர் போட்டுவிட்டுப் போன மெயில் வார்ப்பு (டெம்ப்ளேட்) அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பிரித்து மாட்டிய கதைதான் இது.

வாடிக்கையாளர்கள் யார் என்று சொன்னால்தான் மற்றது புரியும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துத் தோல் ஏற்றுமதிக்காரர்கள். சிஎம்சி ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜ்காரர்கள். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகளைக் கூட்டி வருகிறவர்களுக்காக அந்தத் தெருக்களில் போர்டிலேயே வங்காள எழுத்து இருக்கும், ரூம் கேட்டு மெயிலும் வரும். காட்பாடி கோச்சிங் சென்டர்கள். குடியாத்தம் தீப்பெட்டி, லுங்கி வியாபாரிகள். இவர்களை மெயில் படிக்கத் தெரியாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. இத்தாலிக்காரரோடு ஆங்கிலத்தில் எழுதியே தோலுக்கு விலை முடிப்பவர், டொமைன் மெயிலை மட்டும் திறக்கமாட்டார்.

ஏன் என்று லாட்ஜ் நடத்தும் ஒரு அண்ணனிடம் கேட்டேன். "இன்னா தம்பி, தெரியாத லிங்க்கத் தொடாதீங்கன்னு நீதானே சொன்ன? பேங்க்லயும் அதான் சொல்றான். இப்ப நீயே வந்து ஏன் தொடலன்னு கேக்கற."

அவர் சொன்னதில் தவறே இல்லை. ரினியூவல் பில் மாதிரியே ஒரு கடிதம் அனுப்பி, பணத்தையும் வாங்கிக்கொண்டு டொமைனையும் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளும் ஏமாற்று வேலை உலகம் முழுக்க நடக்கிறது. அதைக் கேள்விப்பட்டவர் அசல் மெயிலையும் அதே கண்ணால்தான் பார்ப்பார். அதனால் சம்மதமா என்று கேட்பதற்கு முன் மெயில் இரண்டு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இது நிஜமாகவே சத்துவாச்சாரி கடையிலிருந்து வந்ததுதானா? நான் ஒன்றும் செய்யாவிட்டால் என்ன ஆகும்? எங்கள் பழைய மெயிலில் முதல் கேள்விக்குப் பதிலே கிடையாது. இரண்டாவதற்குப் பதில் ஆறாவது பத்தியில், ஒரு துணை வாக்கியத்துக்குள் ஒளிந்திருந்தது.

வேலை தொடங்கும் முன் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று பார்த்துக்கொண்டேன். டாட் காம், டாட் நெட், டாட் ஆர்க் வகைகளுக்கு, டொமைன் பெயர்களை உலக அளவில் ஒழுங்குபடுத்தும் ஐகேன் அமைப்பின் மாற்றக் கொள்கை பொருந்தும். வெளியே போகும் டொமைனுக்குப் பழைய ரிஜிஸ்ட்ரார் அனுப்பும் அங்கீகாரப் படிவத்தின் ஆங்கில வாசகத்தை எடுக்க முடியாது. ஆனால் வேறு மொழியிலும் சேர்த்து அனுப்பலாம். மொழிபெயர்ப்பு சரியாகவும் முழுமையாகவும் இருப்பது அனுப்புகிறவரின் பொறுப்பு. அப்படியானால் தமிழை மேலே வைத்து, ஆங்கிலத்தை அடியில் அப்படியே விடலாம். புதிய கம்பெனி அனுப்பும் மெயில் கதை வேறு. 2018 மே மாதம் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் வந்ததும் உரிமையாளர் விவரம் பொதுத் தேடலிலிருந்து மறைந்துவிட்டது. பழைய முகவரி தெரியாத புதிய ரிஜிஸ்ட்ரார் எங்கே அனுப்புவார்? அதனால் அந்த மெயிலுக்கான கட்டாயம் தளர்ந்தது. எங்களுக்கு மேலே இருப்பவர்கள் இன்றும் அனுப்புகிறார்கள், வாடிக்கையாளர் தரும் முகவரிக்கு.

வெளியே போகும் டொமைனுக்கு இப்போது போகும் மெயிலின் மேல்பாதி இது. தலைப்பு வரி டொமைன் பெயரிலேயே தொடங்கும், போன் நோட்டிஃபிகேஷனில் முதலில் அது கண்ணில் படட்டும் என்பதற்காக.

"உங்கள் டொமைனை எங்களிடமிருந்து வேறு கம்பெனிக்கு மாற்றக் கோரிக்கை வந்துள்ளது.

நீங்கள் கேட்டதுதான் என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். 13 ஆம் தேதி சனிக்கிழமை அதிகாலை 1.30 மணிக்குத் தானாகவே மாறிவிடும்.

நீங்கள் கேட்கவில்லை என்றால் 12 ஆம் தேதி வெள்ளிக்கிழமை இரவு 8 மணிக்குள் நிறுத்துங்கள்.

லிங்க்கைத் தொட யோசனையாக இருந்தால் தொட வேண்டாம். எங்கள் தளத்துக்கு நீங்களாகவே போய் லாகின் செய்யுங்கள். முதல் பக்கத்திலேயே இந்தக் கோரிக்கை தெரியும். கடைக்குப் போன் செய்தும் கேட்கலாம்."

கடைசிப் பத்திதான் அதிகம் வேலை வாங்கியது. எழுத அரை நிமிஷம் போதும். ஆனால் லாகின் செய்தவுடன் கோரிக்கை தெரிய வேண்டும் என்றால் ரிஜிஸ்ட்ராரின் ஏபிஐயை (ஒரு புரோகிராம் இன்னொன்றிடம் விவரம் கேட்கும் வழி) அடிக்கடி கேட்டு, நிலுவையில் உள்ள மாற்றங்களை எங்கள் டேட்டாபேஸில் வைத்துக்கொள்ள வேண்டும். முன்பு கன்ட்ரோல் பேனலில் டொமைன் பட்டியல் மட்டும் இருந்தது. மாற்றம் நடந்துகொண்டிருக்கும் டொமைன்கூட மற்றவற்றைப் போலவே பச்சைப் புள்ளியோடு உட்கார்ந்திருக்கும். இப்போது அது பட்டியலுக்கு மேலே மஞ்சள் பட்டையாக வருகிறது. மெயிலில் சொன்ன அதே தேதி, அதே நேரம். மெயிலை நம்பாதவருக்கு மெயிலைத் தொடாமலே சரிபார்க்க ஒரு வழி கிடைத்தது. போனில் கேட்டால் எடுக்கிறவர் உடனே பதில் சொல்லக்கூடாது என்பது கடை விதி. பதிவில் உள்ள நம்பருக்குத் திருப்பி அழைத்துத்தான் பேச வேண்டும்.

அப்புறம், மெயில் இன்பாக்ஸுக்குப் போய்ச் சேர வேண்டுமே. அனுப்புநர் பெயர் எங்கள் கடை, உண்மையில் அனுப்புவது மேலே உள்ளவர்களின் சர்வர். எங்கள் பெயரில் மெயில் அனுப்ப எந்த சர்வருக்கு அனுமதி என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவில் அவர்கள் இல்லை, மெயில் அசல்தான் என்று காட்டும் டிகிம் கையெழுத்து அவர்கள் டொமைனுக்கு. இவை அனுப்புநர் பெயரோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் டிமார்க் சோதனையில் இரண்டுமே எங்கள் பெயரோடு பொருந்தாது. 2024 பிப்ரவரியில் ஜிமெயிலும் யாஹூவும் இந்த விஷயத்தில் பிடியை இறுக்கின. ஜிமெயிலில் நாளுக்குச் சுமார் 5,000 மெயிலோ அதற்கு மேலோ அனுப்புகிறவர்களுக்குத்தான் முழு விதியும். நாங்கள் அந்த அளவுக்கு அருகில்கூட இல்லை. ஆனாலும் பொருந்தாத மெயில் ஸ்பேமுக்குப் போகும் வாய்ப்பு யாருக்கும் உண்டு. ஒரு சப்டொமைனை இதற்கென்றே ஒதுக்கி, அதில் அவர்கள் தந்த டிகிம் சாவியைப் போட்டதும் சரியானது. இதைப் பற்றி எழுத அதற்கு மேல் ஒன்றுமில்லை, ஆனால் இதைச் செய்யாமல் மெயிலை எவ்வளவு அழகாக எழுதினாலும் வீண்.

இனி ராணிப்பேட்டை விவகாரம். ஒரு தோல் நிறுவனம் தன் டொமைன்களை எல்லாம் ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும் என்று ஒன்றை எங்களிடமிருந்து வெளியே எடுக்க முயன்றது. ஒவ்வொரு முறையும் கோரிக்கை வந்த சில நிமிஷத்தில் "வாடிக்கையாளர் நிராகரித்தார்" என்று ரத்தாகிவிடும். அந்த ஆபீஸில் இதைப் பார்த்துக்கொள்ளும் பாய் கோபமாகவே போன் செய்தார். "நாங்க தொடவே இல்லப்பா. நீங்கதான் புடிச்சி வெச்சிக்கிறீங்க." சந்தேகப்படுவதில் நியாயம் உண்டு, போக விரும்பும் டொமைனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் கடைகள் இருக்கத்தான் செய்கின்றன.

லாகைத் திறந்து பார்த்தேன். மெயில் போன அதே நிமிஷத்தில் நிராகரிக்கும் லிங்க்கும் சம்மதிக்கும் லிங்க்கும் அடுத்தடுத்துத் திறக்கப்பட்டிருந்தன. ஒரே நொடிக்குள் இரண்டும். மனிதக் கை அவ்வளவு வேகமாக இரண்டு இடத்தில் தட்டாது. அதுவும் சம்மதம், நிராகரிப்பு இரண்டையும் யார் தட்டுவார்கள்? வந்த ஐபி முகவரியும் ராணிப்பேட்டை பிராட்பேண்ட் கிடையாது, வெளிநாட்டு டேட்டா சென்டர். அந்த நிறுவனம் மெயிலுக்கு ஒரு பாதுகாப்பு வடிகட்டி போட்டிருந்தது. உள்ளே வரும் மெயிலில் உள்ள லிங்க்கை எல்லாம் வடிகட்டி முதலில் தானே திறந்து, அந்தப் பக்கத்தில் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும். வடிகட்டி தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. பழைய வார்ப்புதான், லிங்க் திறந்த மாத்திரத்தில் முடிவைப் பதிந்துவிடும்படி கட்டப்பட்டிருந்தது. நிராகரிக்கும் லிங்க் மெயிலில் மேலே இருந்ததால் அது முதலில் திறந்தது, கோரிக்கை செத்தது. சம்மத லிங்க் மேலே இருந்திருந்தால் கதை இன்னும் மோசம்: யாரும் தொடாமலே டொமைன் கை மாறியிருக்கும்.

வெப் வேலை செய்கிறவர்களுக்கு இது பாலபாடம். ஒரு பக்கத்தைத் திறக்க பிரௌசர் அனுப்பும் கெட் கோரிக்கை எதையும் மாற்றக்கூடாது, பார்க்க மட்டும்தான். மாற்றுவதெல்லாம் போஸ்ட் என்ற வேறு வகைக் கோரிக்கை. பாடத்தில் படித்ததுதான், இருந்தாலும் மெயிலில் லிங்க் அனுப்பும்போது எல்லோருக்கும் மறந்துபோகிறது.

இப்போது மெயிலில் லிங்க் ஒன்றே ஒன்று. அதைத் திறந்தால் என்ன நடக்கிறது என்று சொல்லும் பக்கம் வரும். டொமைன் பெயர், எந்த ரிஜிஸ்ட்ராருக்குப் போகிறது, எப்போது கேட்கப்பட்டது, கெடு எப்போது. அதன் கீழே இரண்டு பட்டன்: "மாற்றத்தை நிறுத்து", "இப்போதே அனுப்பிவிடு". இரண்டும் போஸ்ட் படிவங்கள். சில வடிகட்டிகள் ஜாவாஸ்கிரிப்டையும் ஓட்டிப் பார்ப்பதால் பக்கம் தானாக எதையும் அனுப்பாது. நிறுத்துவதற்கு ஒரு தட்டு போதும். அனுப்பிவிடுவதற்கு மட்டும் பதிவில் உள்ள போனுக்கு வரும் ஓடிபி வேண்டும். இரண்டுக்கும் ஒரே அளவு கஷ்டம் வைக்க வேண்டும் என்று என்னோடு வேலை செய்யும் பையன் வாதாடினான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தவறாக நிறுத்தினால் மறுபடி கேட்டுக்கொள்ளலாம். தவறாகப் போன டொமைனைத் திரும்ப வாங்க எத்தனை மெயில், எத்தனை கம்பெனி, எவ்வளவு ஆங்கிலம் என்று பட்டவர்களுக்குத் தெரியும்.

கெடு முடிந்த பிறகும் அந்த லிங்க் வேலை செய்யும். "செல்லாத லிங்க்" என்ற வெற்றுப் பக்கத்துக்குப் பதிலாக டொமைன் போனதா, நின்றதா, எப்போது என்று காட்டும். ஒரு வாரம் கழித்து மெயிலைப் பார்க்கிறவருக்கும் பதில் வேண்டுமே. பக்கத்துக்குத் தனி ஃபாண்ட் எதுவும் இறக்கவில்லை. போனில் உள்ள தமிழ் ஃபாண்டே போதும்.

தேதி விஷயத்தில் ஒரு சிக்கல். டாட் காம் போன்ற ஒவ்வொரு வகைக்கும் மூலப் பதிவேட்டை வைத்திருக்கும் ரிஜிஸ்ட்ரி தரும் கெடு யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் வரும், இந்திய நேரத்துக்கு அது ஐந்தரை மணி பின்னால். பழைய மெயில் அதிலிருந்து தேதியை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டது. கெடு 12 ஆம் தேதி 20.00 யூடிசி என்றால் நமக்கு அது 13 ஆம் தேதி அதிகாலை 1.30. இந்த உதாரணத்தில் வாடிக்கையாளருக்கு ஒன்றரை மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது, பாதகமில்லை. 12 ஆம் தேதி 01.00 யூடிசி என்று இருந்தால்? காலை 6.30க்கே முடிந்துவிடும். "12 ஆம் தேதி வரை" என்று படித்தவர் அன்று கடை திறந்து பதினோரு மணிக்கு வந்து பார்ப்பார், டொமைன் இருக்காது. அதனால்தான் மெயிலில் இரண்டு நேரம். தானாக மாறுவது எப்போது என்பது நிமிஷ சுத்தமாக இந்திய நேரத்தில். நிறுத்த வேண்டிய கெடு அதற்கு முந்தைய இரவு 8 மணி, கிழமையோடு. ஐந்து நாள் என்பது காலண்டர் நாள், வேலை நாள் கணக்கு கிடையாது. போகி அன்று வரும் கோரிக்கைக்குப் பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் எல்லாம் கணக்கில் போய்விடும். கடையில் ஆள் வந்து உட்காரும்போது கெடு தலைமேல் நிற்கும். பண்டிகை நாட்களில் மெயிலோடு எஸ்எம்எஸ்ஸும் போக வேண்டும் என்று முடிவெடுத்தோம். பிறகு எல்லா நாளும் போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

எஸ்எம்எஸ் தனிப் பாடு. இங்கே வியாபார எஸ்எம்எஸ் அனுப்ப டிஎல்டி என்ற தொலைபேசி நிறுவனங்களின் தளத்தில் பதிவு வேண்டும்; அனுப்பும் பெயரும் வாசகமும் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும், மாறும் இடங்களைத் தனியே குறித்துக் காட்ட வேண்டும். தமிழில் அனுப்பினால் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 இடம்தான், ஆங்கிலம் என்றால் 160. நீளமாகிப் பல துண்டானால் துண்டுக்கு 67. அந்த 70ம் நாம் எண்ணுகிற எழுத்துக் கணக்கில் வராது. "உங்கள்" கண்ணுக்கு நான்கு எழுத்து. உள்ளே புள்ளிகள் தனித்தனி என்பதால் ஆறு இடம். "டொமைன்" மூன்று எழுத்து, அதற்கும் ஆறு. மெயிலில் எழுதியதை அப்படியே எஸ்எம்எஸ்ஸாகப் போட்டுப் பார்த்தபோது பல துண்டாக நீண்டது.

இன்னொரு தடை டொமைன் பெயரே. 2024 அக்டோபர் முதல் எஸ்எம்எஸ்ஸில் வரும் லிங்க்குகளை முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். வாடிக்கையாளரின் டொமைனை மாறும் இடத்தில் போட்டால், டாட் காம் என்று முடிவதால் அதையும் பதியாத லிங்க் என்று எடுத்துக்கொண்டு மெசேஜ் நிற்கிறது. டாட் என்பதைச் சொல்லாக எழுதிப் பார்க்கலாம் என்று யோசனை வந்தது. அது ஏமாற்றுக்காரன் செய்கிற வேலை மாதிரியே இருக்கும், வேண்டாம். டொமைன் பெயரை எடுத்துவிட்டோம். "டொமைன் மாற்றக் கோரிக்கை வந்துள்ளது. வெள்ளி இரவு 8க்குள் மெயில் பாருங்கள்" என்ற அளவில் நிறுத்தி, கடைப் பெயரைக் கடைசியில் வைத்தோம். லிங்க் கிடையாது. லிங்க் இல்லாத எஸ்எம்எஸ்ஸை நம்புகிறார்கள் என்பது அனுபவத்தில் பார்த்தது. மெயிலைத் திறக்கவே மாட்டேன் என்ற லாட்ஜ் அண்ணன் எஸ்எம்எஸ் பார்த்துவிட்டு மெயிலைத் தேடி எடுத்தார், ஸ்பேம் உட்பட.

அடுத்தது ஆத் கோட். மாற்றத்துக்குச் சாவி அதுதான். பழைய கம்பெனியிடம் வாங்கிப் புதிய கம்பெனியிடம் கொடுக்க வேண்டும். கேட்ட ஐந்து காலண்டர் நாளுக்குள் தந்தாக வேண்டும் என்பது விதி. எங்களிடம் உடனே கிடைத்துவிடும், ஆனால் "கோட் தப்புன்னு வருது" என்ற போன் ஓயாது. எத்தனை விதமாகத் தப்பாகும் என்று பார்த்தால் சிரிப்பு வரும்.

கோடில் ஆம்பர்சண்ட் குறி இருந்தால் பழைய மெயில் வார்ப்பு அதை எச்டிஎம்எல் (வெப் பக்கங்களை எழுதும் மொழி) வழக்கப்படி விரித்து ஐந்து எழுத்தாகக் காட்டியது. சிறியது என்ற கணிதக் குறி இருந்தால் அதற்குப் பின்னால் உள்ளதை மெயில் ஆப் எச்டிஎம்எல் கட்டளை (டேக்) என்று நினைத்து விழுங்கிவிடும். வாக்கியத்தின் கடைசியில் கோடை வைத்திருந்ததால் முற்றுப்புள்ளியும் சேர்ந்து காப்பி ஆகும். சிலர் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வார்கள்; அங்கே நட்சத்திரக் குறிக்குள் அகப்பட்ட எழுத்து தடிமனாகும், அடிக்கோடுக்குள் அகப்பட்டது சாய்வாகும், குறி கண்ணுக்குத் தெரியாது. அதைப் பார்த்துப் பேப்பரில் எழுதிக்கொண்டு போகிறவர் குறியை எப்படி எழுதுவார்? சைபரா, ஓ எழுத்தா என்ற பழைய சண்டை வேறு.

கோடை நாமே அமைக்க மேலே உள்ளவர்களின் ஏபிஐ இடம் தருகிறது. ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண் சேர்த்து 62. அதில் சைபர், பெரிய ஓ, ஒன்று, சிறிய எல், பெரிய ஐ ஆகிய ஐந்தை எடுத்தால் 57. இப்படித் தொகுப்பைக் குறைத்தால் கோட் பலவீனமாகுமே என்றால், நீளத்தைக் கூட்டினால் தீர்ந்தது. இந்தக் கோடுகளுக்கான இணையத் தர ஆவணம் ஆர்எஃப்சி 9154 கேட்பது குறைந்தது 128 பிட் பலம். விசைப்பலகையில் உள்ள 94 குறிகளையும் பயன்படுத்தினால் 20 எழுத்தில் அது கிடைக்கும். எங்கள் 57க்கு 22 எழுத்து வேண்டும். இரண்டு எழுத்து கூடுதல், அவ்வளவுதான். குறி ஒன்றாவது இருக்க வேண்டும் என்று கேட்கும் ரிஜிஸ்ட்ரிகளுக்காக நடுவில் ஒரு ஹைஃபன் சேர்த்தோம். அதை வாட்ஸ்அப்பும் தொடாது, எச்டிஎம்எல்லும் தொடாது.

கோடை மெயிலில் அனுப்புவதையும் நிறுத்திவிட்டோம். லாகின் செய்தால் பேனலில் தெரியும், பக்கத்தில் காப்பி பட்டன். நான்கு நான்காகப் பிரித்துக் காட்டுகிறோம், ஆனால் அந்த இடைவெளி ஸ்டைலில் மட்டும்தான், காப்பி செய்தால் வராது. போனில் படித்துச் சொல்லும்போது நான்கு நான்காகச் சொல்ல முடிகிறது.

மெயில், எஸ்எம்எஸ், கோட் எல்லாம் சரியான பிறகும் மிச்சமிருந்தது பதிவில் உள்ள முகவரி. டொமைன் வாங்கிய காலத்தில் பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து தம்பி மகன் உருவாக்கிய ஐடி. தம்பி மகன் இப்போது வெளிநாட்டில், பாஸ்வேர்டு அவனுக்கே ஞாபகமில்லை. உறுதிப்படுத்தும் மெயில் அங்கேதான் போகும். சரி, முகவரியை மாற்றிவிடலாம் என்று மாற்றினால் வேறு பூட்டு விழுகிறது. 2016 டிசம்பர் முதல் உள்ள விதிப்படி, உரிமையாளர் பெயர், நிறுவனப் பெயர், மெயில் முகவரி இவற்றில் ஒன்றை மாற்றினால் 60 நாள் வேறு ரிஜிஸ்ட்ராருக்குப் போக முடியாது. மாற்றுவதற்கு முன்பே அந்தப் பூட்டு வேண்டாம் என்று சொல்ல ரிஜிஸ்ட்ரார் வாய்ப்புக் கொடுத்தால் மட்டும் தப்பிக்கலாம். மாற்றிய பிறகு சொல்லிப் பயனில்லை.

இது எங்கள் ஊர்ப்பக்கம் அடிக்கடி குழப்பமாகும். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் வாடிக்கையாளர்கள் பலர் ஜிஎஸ்டி பில்லுக்காக முகவரியில் மாவட்டப் பெயரை மாற்றினார்கள். பக்கத்துக்காரருக்குப் பூட்டு விழுந்ததைக் கேட்டு, "நானும் விவரத்தை மாற்றினேனே, எனக்கு ஏன் பூட்டு விழவில்லை, அவருக்கு மட்டும் ஏன்?" என்று கேட்பார்கள். தபால் முகவரி மட்டும் மாறினால் பூட்டு கிடையாது. மெயில் ஐடியையும் சேர்த்து மாற்றியவருக்குத்தான் விழுந்தது. விவரம் மாற்றும் படிவத்தில் இப்போது பெயர், நிறுவனம், மெயில் மூன்றுக்கும் தனி நிறம், அதைத் தொட்டவுடன் "இதை மாற்றினால் 60 நாளைக்கு வேறு கம்பெனிக்கு மாற முடியாது. பூட்டு வேண்டாம் என்றால் இங்கே டிக் செய்யவும்" என்று அங்கேயே கேட்கிறது. ஆத் கோட் கேட்கிறவருக்கு முதலில் பதிவு மெயிலுக்கு ஒரு ஓடிபி போகிறது. அது கிடைக்கவில்லை என்றால் மாற்றம் தொடங்கும் முன்பே பிரச்சினை தெரிந்துவிடும், நடுவழியில் நிற்க வேண்டாம்.

சிலரிடம் ஓடிபி எங்கே போகிறது என்று பார்த்தால் வெப்சைட் செய்து கொடுத்த டிசைனரின் மெயிலுக்குப் போகும். பதிவே டிசைனர் பெயரில். கடைக்காரர் வருஷா வருஷம் பணம் கட்டுவார், டொமைன் காகிதப்படி அவருடையது இல்லை. இதை எந்த மெயில் வார்ப்பாலும் சரிசெய்ய முடியாது. டிசைனர் நல்லவர் என்றால் பெயர் மாற்றிக் கொடுப்பார். டிசைன் வேலைக்குப் பாக்கி இருக்கிறது என்று டொமைனைப் பிடித்து வைப்பவர்களும் உண்டு. ரிஜிஸ்ட்ரார் தரப்பில் பணத்தைக் காரணம் காட்டி மாற்றத்தை மறுக்க வேண்டுமானால், டொமைன் பதிவுக் கட்டணமே நிலுவையில் இருக்க வேண்டும். வெப்சைட் டிசைன் பாக்கி அந்தக் கணக்கில் வராது. ஆனால் பதிவு டிசைனர் பெயரில் இருக்கும்போது கோரிக்கையை நிறுத்தச் சொல்லும் உரிமையும் அவருக்குத்தான். ரினியூவலுக்குப் பணம் கட்ட வருகிறவர்களிடம் பதிவுப் பெயரை ஸ்கிரீனில் காட்டி, "இது நீங்கதானா சார்?" என்று கேட்கும் பழக்கத்தைக் கவுண்டரில் கொண்டுவந்தோம். யாரோ பெயர் இருப்பதை முதல் முறை பார்த்து முகம் மாறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உள்ளே வரும் டொமைன்களுக்கான மெயிலை அதிகம் தொடவில்லை. முதல் வரி மட்டும் மாறியது: "நீங்கள் உறுதி செய்யாவிட்டால் மாற்றம் நடக்காது; டொமைன் பழைய இடத்திலேயே இருக்கும்." அதன் கீழே ஒரு கேள்வி சேர்த்தோம், வெப்சைட்டும் மெயிலும் எந்த சர்வரில் இருக்கின்றன என்று சொல்லும் நேம்சர்வர் யாருடையது என்று. மாற்றத்தால் நேம்சர்வர் மாறாது. ஆனால் பழைய கம்பெனி இலவசமாகக் கொடுத்த டிஎன்எஸ் (அந்த நேம்சர்வர் சேவை) என்றால், டொமைன் போனதும் அவர்கள் அதை நிறுத்திவிடக்கூடும். வெப்சைட்டோடு, மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவும் போய் மெயில் நின்றுவிடும். ஏற்றுமதிக்காரருக்கு வெப்சைட் ஒரு நாள் நின்றால் பரவாயில்லை, மெயில் நின்றால் கப்பல் தேதி போய்விடும். பழைய டிஎன்எஸ்தான் என்று பதில் வந்தால், பதிவுகளை எங்கள் சர்வரில் ஏற்றி நேம்சர்வரை மாற்றிய பிறகே மாற்றத்தைத் தொடங்குகிறோம்.

மூன்றாவது மெயில், 15 நாள் கெடு வைப்பது, மேலே உள்ளவர்கள் கையில். வாசகத்தை மாற்ற விடவில்லை. அதனால் மாற்றம் முடிந்த அன்றே கடையிலிருந்து தனியாக ஒரு தமிழ் மெயில் போகிறது: ஆங்கிலத்தில் இன்னொன்று வரும், அனுப்புநர் முகவரி இதுவாக இருக்கும், அதில் உள்ள லிங்க்கை இந்தத் தேதிக்குள் தட்ட வேண்டும், தட்டாவிட்டால் வெப்சைட் நின்றுபோகலாம் என்று. பத்து நாளுக்குள் தட்டாதவர்கள் பட்டியல் காலையில் கடை திறந்தவுடன் பேனலில் மேலே வரும். பையன் ஒவ்வொருவராகப் போன் போடுவான். டாட் இன் டொமைன்களுக்கு இந்த வார்ப்பு எதுவும் பொருந்தாது. அவை ஐகேன் விதிக்குள் வராது, நிக்சி என்ற இந்திய அமைப்பு நடத்துவது. அந்த மெயில்களை எடுத்து மேசையில் வைத்திருக்கிறேன், அடுத்த வேலை அதுதான்.